தனியாளிடம் வாங்கிய பழைய பொருளில் தகராறா? படிப்படியாக ஒரு வழி

மூன்று வாரம் கழித்துத்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இணையத்தில் ஒரு தனியாளிடம் வாங்கிய பழைய கேமரா லென்ஸ். கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் போல வெள்ளையாகக் கிளை பிரிந்து பூஞ்சை ஓடியிருந்தது. விளம்பரத்தில் 'உள்ளே பூஞ்சை கிடையாது' என்று படித்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வரியைத் தேடிப் போனால் விளம்பரமே இல்லை; விற்ற கையோடு எடுத்துவிட்டார். என்னிடம் மிஞ்சியது பணம் அனுப்பிய ரசீதும், சாட்டில் 'கண்டிஷன் எப்படி?' என்று நான் கேட்டதற்கு அவர் போட்ட 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லும்தான். கடைசியில் கொடுத்த பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

அன்று எனக்குத் தெரியாமல் போனதையெல்லாம், முதன்முறையாக இப்படி வாங்கவோ விற்கவோ போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது உண்மைதான். ஆனால் தமிழர் அதிகம் வாழும் நாடுகளில் அடிப்படை பெரும்பாலும் ஒன்றே. இலங்கையின் 1896ஆம் ஆண்டு சரக்கு விற்பனைக் கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றுக்கும் வேர் 1893ல் பிரிட்டன் இயற்றிய சட்டம். அதைப் பிரிட்டன் 1979ல் புதுப்பித்தது. சிங்கப்பூரில் நடப்பில் இருப்பது அந்தப் புதுப்பித்த சட்டம். அதனால் ஒரு ஊர் நீதிமன்றம் சொன்ன தத்துவம் இன்னொரு ஊரிலும் செல்லுபடியாக வாய்ப்பு அதிகம்.

எதிரே இருப்பது கடையா, தனியாளா?

முதல் வேலை இதைத் தெரிந்துகொள்வதுதான். நுகர்வோர் சட்டம் என்று நாம் பேசுவதெல்லாம் வியாபாரியிடமிருந்து வாங்குபவரைக் காக்கவே எழுதப்பட்டவை. வீட்டில் சும்மா கிடந்த சைக்கிளை ஒருவர் விற்றால் அவர் வியாபாரி ஆகமாட்டார். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. அது வியாபாரியிடம் வாங்கியதற்கு மட்டும்தான். தனியாளிடம் வாங்கியதற்குக் கிடையாது. இந்தியாவிலும் இப்படிப்பட்ட ஒற்றை விற்பனைக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பொதுவாகத் திறக்காது. சாதாரண சிவில் வழிதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தேவைக்குப் பொருந்த வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சேர்த்துக்கொள்ளும் உறுதிமொழிகள், அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத்தான் பொருந்தும். தனியாள் விற்றால் 'தரமாக இருக்க வேண்டும்' என்று சட்டம் தானாகச் சொல்வதில்லை. 'வாங்குபவரே, விழித்திரு' என்ற பழைய கொள்கை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதற்காகத் தனியாள் என்றால் உரிமையே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் தனியாள் தன் பொறுப்பை ஒப்பந்தத்தில் விலக்கிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த விலக்கு செல்லாது என்று அவர்களின் சிவில் சட்டம் 444வது பிரிவில் சொல்கிறது. பிரான்சில் மறைந்திருந்த குறைக்குத் தனியாளும் பதில் சொல்ல வேண்டும்; குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

அப்புறம், தனியாள் போல் வேடம் போடும் வியாபாரிகள் நிறைய. ஒருவரின் பழைய விளம்பரங்களைப் புரட்டுங்கள். ஒரே மாடல் போன் ஏழெட்டு, எல்லாம் ஒரே மேசை மீது எடுத்த படம், 'ஸ்டாக் உண்டு' என்ற வாசகம். இவர் வியாபாரிதான். அந்தப் பக்கத்தை அப்போதே படம் பிடித்து வைத்தால், பிறகு நுகர்வோர் சட்டத்தின் கீழ் போக அதுவே வழி திறக்கும்.

விளம்பரத்தில் எழுதியதுதான் உங்கள் ஒப்பந்தம்

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். தரத்துக்குச் சட்டம் துணை வராத இடத்தில், விற்பவர் சொன்ன சொல் துணை வரும். பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் அந்த விவரத்துக்குப் பொருள் பொருந்தியே ஆக வேண்டும். இந்திய, மலேசியச் சட்டங்களில் 15வது பிரிவு, பிரிட்டன் சட்டத்தில் 13வது பிரிவு. இது வியாபாரி, தனியாள் என்று பார்ப்பதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த வழக்கு 1967ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஒரு தனியாள் தன் காரை விற்கப் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார். ட்ரையம்ஃப் ஹெரால்ட், வெள்ளை, கன்வெர்டிபிள், 1961 மாடல். வாங்க வந்தவர் காரை நேரில் பார்த்தார், பணம் கொடுத்து ஓட்டிப் போனார். பிறகு மெக்கானிக் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அது இரண்டு கார். பின்பாதி மட்டும் 1961 மாடல், முன்பாதி அதற்கு முந்தைய வேறொரு கார், நடுவில் வெல்டிங். விற்றவருக்கே இது தெரியாது. அவரும் நல்ல மனதோடுதான் விற்றார். இருந்தும் நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. விளம்பரத்தில் '1961' என்று சொன்னாயிற்று, அதை நம்பித்தான் அவர் வந்தார், நேரில் பார்த்துவிட்டதால் அந்த விவரம் இல்லாமல் போய்விடாது என்றது.

சரி, அப்படியானால் சொன்னதெல்லாம் கட்டுப்படுத்துமா? இல்லை. அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பு அதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், ஒரு தனியாள் தன் காரை 1948 மாடல் என்று சொல்லி ஒரு கார் வியாபாரியிடம் கொடுத்தார். பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. யாரோ முன்பே திருத்தியிருக்கிறார்கள். உண்மையில் அது 1939 மாடல். இங்கே வியாபாரி தோற்றார். சொன்னவர் விவரம் தெரியாத சாதாரண ஆள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னார், கேட்டவரோ அந்தத் தொழிலிலேயே இருப்பவர், சரிபார்க்க வசதி உள்ளவர். ஆகவே அது வாக்குறுதி ஆகாது என்றது நீதிமன்றம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி தெரியும். யாருக்கு அதிகம் தெரியும், எது தெளிவான தகவல், எது வெறும் அபிப்பிராயம் என்று நீதிமன்றம் பார்க்கிறது. 'சூப்பர் கண்டிஷன்' என்பதற்கு மதிப்பே இல்லை. 'பேட்டரி ஒருமுறை மாற்றியது, திரை ஒரிஜினல், தண்ணீரில் விழுந்ததில்லை' என்பதற்கு மதிப்பு உண்டு.

ஆகவே பணம் கொடுக்கும் முன் சாட்டில், எழுத்தில், பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். போனில் பேசினால்கூடப் பேசி முடித்ததும் 'நீங்கள் சொன்னபடி திரை மாற்றப்படவில்லை, சரிதானே?' என்று ஒரு வரி அனுப்பி, பதில் வாங்குங்கள். நான் லென்ஸ்காரரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை: உள்ளே பூஞ்சை, மூட்டம், கீறல் ஏதாவது உண்டா? எப்போதாவது பிரித்துச் சரிசெய்திருக்கிறீர்களா? பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து ஒரு படம் அனுப்ப முடியுமா?

கேட்காமல் விட்டால் என்ன? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது மோசடி ஆகாது. பிரிட்டன் வழிச் சட்டங்களில் பொதுவாக இதே நிலைதான். ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் கதை மாறிவிடும். விற்பவரின் மௌனத்தைப் பதிலாக மாற்றுவது உங்கள் கேள்விதான்.

கேள்வி பதில் முடிந்ததும் விளம்பரம் முழுவதையும் படம் பிடியுங்கள். தலைப்பு, எல்லாப் புகைப்படங்களும், விவரம், விற்பவரின் பெயரும் கணக்கும், தேதி, லிங்க். இரண்டு நிமிட வேலை.

பொருள் அவருடையதுதானா?

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குத் தர முடியாது. திருட்டுப் போன் என்று தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உரியவர் வந்து கேட்டால் பொதுவாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற உறுதி தனியாள் விற்பனையிலும் அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்குள் அவர் எங்கே இருப்பார் என்பது வேறு விஷயம்.

போன் என்றால் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பழைய ஆளின் கணக்கிலிருந்து போன் முழுவதும் வெளியேறியதா என்று உங்கள் கண் முன்னே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பூட்டு விழுந்த போன் வெறும் கண்ணாடித் துண்டு. வாகனம் என்றால் கடன் பாக்கி இருக்கிறதா, பதிவில் யார் பெயர் என்று பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். விற்பவருக்கும் இதில் ஒரு எச்சரிக்கை: பெயர் மாற்றம் முடியும்வரை பதிவில் இருப்பது நீங்கள்தான். விற்றுவிட்ட வண்டி விபத்தில் சிக்கியபோது, இன்னும் பதிவில் பெயர் இருந்தவரையே பொறுப்பாளி என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பணம் எந்த வழியில் போகிறது?

விளம்பரம் வந்த இணையத் தளமே பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் கைக்கு வந்தபின் விடுவிக்கும் வசதி இருந்தால் அதை விட்டு வெளியே போகாதீர்கள். 'கமிஷன் மிச்சம், நேரா அனுப்பிடுங்க' என்று விற்பவர் சொல்லும் அந்த நொடியில் உங்கள் பாதுகாப்பு போய்விடுகிறது. தளத்துக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலில் தளம் தலையிடாது. பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்ற வகையில் அனுப்பினால் வாங்குபவர் பாதுகாப்பு கிடைக்காது. பொருளுக்கான பணமாக அனுப்ப வேண்டும். கார்டில் கொடுத்ததை வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிய பணத்தை மீட்பது மிகவும் கஷ்டம்.

விற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: போன் வழியே பணம் அனுப்பும் யுபிஐ போன்ற முறைகளில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. 'பணம் அனுப்பியிருக்கேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க' என்று யார் சொன்னாலும் அது உங்கள் பணத்தை எடுக்கும் வழி. பணம் வந்ததற்கு அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் சாட்சி இல்லை. உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்தால்தான் வந்தது.

1971ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு. ஒரு மாணவர் விளம்பரம் கொடுத்துத் தன் காரை விற்றார். வாங்க வந்தவன் தான் ஒரு பிரபல தொலைக்காட்சி நடிகன் என்று சொல்லி ஸ்டுடியோ அடையாள அட்டையைக் காட்டினான். காசோலையை வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்தார் மாணவர். காசோலை திரும்பி வந்தது. அதற்குள் கார் இன்னொருவர் கைக்கு விற்கப்பட்டிருந்தது, அவரும் ஒன்றும் அறியாதவர். கார் யாருக்கு? மூன்றாம் ஆளுக்கே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். திருடப்பட்டிருந்தால் உரியவருக்குத் திரும்பியிருக்கும். இங்கே ஏமாற்றப்பட்டாலும் அவரே மனமுவந்து விற்றுவிட்டார். அந்த விற்பனையை ரத்து செய்யும் முன்பே கார் கை மாறிவிட்டது. ஏமாந்தது தெரிந்த அந்த மணிநேரத்திலேயே புகார் கொடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பார்சல் வந்ததும்

வழியில் உடைந்தால் யார் பொறுப்பு? விற்பவர்தான் என்று நினைப்போம். வியாபாரியிடம் வாங்கினால் பல நாடுகளில் அப்படித்தான். தனியாள் விற்பனையில், வேறு பேச்சு இல்லாவிட்டால், கூரியரிடம் ஒப்படைத்தாலே உங்களிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளும் பழைய விதி இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் 39வது பிரிவு. விற்பவர் பொருளின் தன்மைக்கு ஏற்ற முறையில் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆகவே அனுப்பும் முன்பே 'உடையாமல் என் கைக்கு வரும்வரை உங்கள் பொறுப்பு' என்றோ, அதற்கு மாறாகவோ சாட்டில் முடிவு செய்துவிடுங்கள். காப்பீட்டுக் கட்டணம் யார் தருவது என்பதையும் அங்கேயே பேசிவிடலாம்.

பிரிப்பதை ஒரே வீடியோவாக, நடுவில் வெட்டாமல் எடுங்கள். முகவரி ஒட்டிய பக்கம், நான்கு புறமும் டேப், பிறகு கத்தி, பிறகு பொருள், பிறகு சீரியல் எண். எண் தெளிவாகத் தெரியும்வரை கேமரா நிற்கட்டும். விற்பவரும் பேக் செய்யும்போது இதையே செய்ய வேண்டும். நல்ல பொருளை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த அதே மாடலின் பழுதான பொருளைத் திருப்பி அனுப்பும் வாங்குபவர்களும் உண்டு. சீரியல் எண் தெரியும் படம் இல்லாவிட்டால் விற்றவரால் வாய் திறக்க முடியாது.

குறை தெரிந்துவிட்டது. முதல் இரண்டு நாள்

பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நான் மூன்று வாரம் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் நிலையைப் பலவீனமாக்கியது அதுதான். பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும் செயல்கள் உண்டு. உங்கள் சொந்தப் பொருள் போல நடத்துவது, சரியான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருப்பது. அதற்குப் பிறகு பொருளைத் திருப்பித் தரும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ரிப்பேருக்கும் உடனே கொடுக்க வேண்டாம். பிரித்துவிட்டால் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்பார். சரிபார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒரு மெக்கானிக்கிடம் நிலையை மட்டும் எழுதி வாங்குங்கள்: என்ன குறை, எவ்வளவு பழையதாக இருக்கும், சரிசெய்ய எவ்வளவு ஆகும்.

குறையைக் கண்ட அன்றே விற்றவருக்குத் தகவல் போகட்டும். ஜப்பானில் 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சிவில் சட்டத் திருத்தத்தின்படி, பொருள் ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்ததிலிருந்து 1 ஆண்டுக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். தளங்களின் சொந்தக் கெடு இதைவிட மிகக் குறைவு; சில நாட்கள்தான். பல தளங்களில் 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்தியதும் பணம் போய்விடும். பெட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் அதை அழுத்தாதீர்கள். சோதித்துப் பார்த்தபின் அழுத்துங்கள்.

முதல் செய்தி கோபமில்லாமல் இருக்கட்டும். பலருக்குத் தாங்கள் விற்ற பொருளின் குறை உண்மையிலேயே தெரியாது. மரியாதையாகக் கேட்டதும் பணத்தைத் திருப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட வார்த்தை ஒன்று போட்டால் அதுவும் நாளை ஸ்கிரீன்ஷாட்டாக வரும், உங்களுக்கு எதிராக.

பதில் வரவில்லை என்றால் ஒரு கடிதம்

இரண்டு மூன்று முறை கேட்டும் பேச்சில்லை என்றால் முறையான கடிதம். வக்கீல் இல்லாமலே எழுதலாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தால் நான் எழுதியிருக்கக்கூடிய கடிதம் இப்படி:

"வணக்கம். மார்ச் 3 அன்று நீங்கள் வெளியிட்ட விளம்பரத்தைப் பார்த்து, மார்ச் 5 அன்று உங்களிடம் இந்த லென்ஸை (சீரியல் எண் …) வாங்கினேன். முழுத் தொகையும் அன்றே உங்கள் கணக்கில் செலுத்தினேன். விளம்பரத்தில் 'உள்ளே பூஞ்சை இல்லை' என்றும், வாங்கும் முன்பே சாட்டில் 'ஒருமுறைகூடப் பிரித்ததில்லை' என்றும் எழுதியிருந்தீர்கள். மார்ச் 9 அன்று பார்சலைப் பிரித்தபோது உள்கண்ணாடியில் பூஞ்சை இருந்தது. திருகுகளில் பிரித்த தடமும் இருந்தது. அன்றே உங்களுக்குத் தெரிவித்தேன். பொருள் நீங்கள் விவரித்தபடி இல்லாததால் இதை ஏற்க மறுக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். பணம் வந்ததும் பொருளைப் பெற்ற நிலையிலேயே அனுப்புகிறேன். தவறினால் உரிய நீதிமன்றத்தை அணுகுவேன். விளம்பரம், சாட், ரசீது, வீடியோ ஆகியவற்றின் நகல் இணைப்பு."

அவ்வளவுதான். தேதி, அவர் சொன்ன வாசகம், நீங்கள் கண்டது, என்ன வேண்டும், எத்தனை நாளில். அவமானம், மன உளைச்சல் எல்லாம் இங்கே வேண்டாம். ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பி, அதே நாளில் சாட்டிலும் மின்னஞ்சலிலும் போடுங்கள். இதற்கு அவர் முகவரி வேண்டும். வாங்கும்போதே முழுப் பெயரும் முகவரியும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். பார்சல் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பலருக்குக் கடைசியில் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கிறது.

தளம், வங்கி, போலீஸ்

தளத்தின் புகார்ப் பகுதியிலும் வங்கியிலும் கடிதத்தோடு சேர்த்தே, காத்திருக்காமல் புகார் போடுங்கள். தளங்கள் பொதுவாகத் தங்களை இடைத்தரகர் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகள்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரை 24 மணிநேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். குறைந்தபட்சம் புகார் எண் ஒன்றாவது கிடைக்கும். அது பின்னால் பயன்படும்.

போலீஸிடம் போகலாமா? இதில்தான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை என்பது மட்டும் குற்றம் ஆகாது, அது சிவில் தகராறு. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பணம் வாங்கியதும் எண்ணை பிளாக் செய்தது, பொருளே அனுப்பாமல் பெட்டியில் செங்கல் வைத்தது, ஒரே படத்தைக் காட்டிப் பலரிடம் பணம் வாங்கியது, போலி அடையாள அட்டை. இப்படி இருந்தால் தயங்காமல் போங்கள். இந்தியாவில் ஏமாற்றுதல் இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பழைய 420க்குப் பதில். இணைய வழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு நகரும் முன்பே நிறுத்த வாய்ப்பு உண்டு. வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள எண்ணை இப்போதே போனில் சேமித்து வைக்கலாம்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். விற்றவரின் புகைப்படம், எண், வீட்டு முகவரியைப் பொதுவெளியில் போட்டு 'திருடன்' என்று எழுதுவது. ஆத்திரம் புரிகிறது, நானும் அந்த இடத்தில் நின்றவன். ஆனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். 'பணம் தராவிட்டால் உன் ஆபீஸுக்குச் சொல்வேன்' என்று மிரட்டுவதும் அப்படியே. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதைக் கெடுத்துக்கொள்வது தாங்க முடியாத இழப்பு.

நீதிமன்றம் போகும் அளவுக்கு இருக்கிறதா?

ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். பொருளின் மதிப்பு, மனுக் கட்டணம், விடுப்பு எடுக்கும் நாட்கள், விற்றவர் இருக்கும் ஊர் தூரம். சிறு தொகைக்காக ஆண்டுக்கணக்கில் அலைவது யாருக்கும் கட்டாது. அதனால்தான் பல நாடுகள் சிறு வழக்குகளுக்குத் தனி வழி வைத்திருக்கின்றன. சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வக்கீல்களுக்கே இடமில்லை. நீங்களே பேச வேண்டும். இங்கிலாந்தில் சிறு கோரிக்கைகளை இணையத்திலேயே தொடங்கலாம். இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்), வழக்கே போடாமல் முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வரும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அந்தப் பக்கத்துக்காரர் வரவே மறுத்தால் அதனால் பயன் இல்லை என்பதும் உண்மை.

காலக்கெடுவை மறக்காதீர்கள். ஒப்பந்த மீறலுக்கு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. இது வழக்குப் போடுவதற்கான கெடு. பொருளைத் திருப்பித் தருவதற்கான காலம் இதைவிட மிகவும் குறுகியது.

சாட்டைச் சாட்சியாகக் கொடுக்கும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாமல் போகலாம். இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். எங்கும் பொருந்தும் யோசனை: அந்த உரையாடல் இருக்கும் போனையே மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். புதுப் போன் வாங்கிப் பழையதை விற்றுவிட்டு, சாட்டும் போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு.

சமரசம் வந்தால் எழுதி முடியுங்கள்

பெரும்பாலான தகராறுகள் கடிதத்துக்கும் வழக்குக்கும் நடுவே எங்கோ முடிந்துவிடுகின்றன. பாதிப் பணம் தருகிறேன், பொருளை வைத்துக்கொள்ளுங்கள் என்பார். அல்லது திருப்பி அனுப்பினால் முழுப் பணம் என்பார். முதலில் பொருளா, பணமா என்று இழுபறி வரும். ஒரே ஊர் என்றால் பொது இடத்தில் நேரில் கை மாற்றிக்கொள்ளலாம். தூரம் என்றால் தளத்தின் வழியாகவே திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பாதிப் பணம் வந்ததும் பொருள் புறப்படும், பொருள் சேர்ந்ததும் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எது பேசினாலும் நான்கு வரியில் எழுதி இருவரும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பதில் போட வேண்டும். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், கூரியர் செலவு யாருடையது, பணம் வந்தால் எந்தெந்தப் புகார்களைத் திரும்பப் பெறுவது. பணம் கணக்கில் ஏறும்வரை புகாரை விலக்க வேண்டாம். 'முதல்ல கம்ப்ளெய்ன்ட்டை எடுங்க, சாயங்காலம் பணம் போடுறேன்' என்று லென்ஸ்காரர் சொன்னார், நான் எடுத்தேன். சொன்ன தொகையில் ஒரு பகுதி மட்டும் வந்தது, மீதிக்கு அவர் போனையே எடுக்கவில்லை. தளத்தில் கேட்டபோது மூடிய புகாரை மறுபடி திறக்க வழியில்லை என்றார்கள்.